எச்சம் யாருக்குரியது? கூடங்குளம் தீர்ப்பின் இரு கட்டளைகள் குறித்து ஒரு விமர்சனம்

கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 மே 6-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, நம் சபைகளில் இரண்டு காரணங்களுக்காகவே பெரிதும் பேசப்பட்டது. உலை இயங்கத் தடையில்லை என்று அது கூறியது. போராடிய மக்கள்மீது தொடரப்பட்ட குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி செய்யப்பட வேண்டும் என்றும் கூறியது. இடிந்தகரை லூர்து மாதா ஆலய முற்றத்தில் உண்ணாநோன்பிருந்தோரையும், 2012 செப்டம்பர் 10-ஆம் நாள் மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் மாண்டதையும் நினைவிற் கொண்டோர்க்கு இவ்விரண்டுமே கண்முன் நின்றதில் வியப்பில்லை. ஆயினும், நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பின் இறுதியில் வகுத்த 15 கட்டளைகளுள் இறையியல் பயில்வோர் கூர்ந்து நோக்க வேண்டியவை வேறிரண்டு உண்டு. அவற்றையே இக்கட்டுரை ஆராய்கிறது.

அவற்றுள் ஒன்று, உலையில் எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைப் பற்றியது. அதனை நிலையாகச் சேமிக்க ஆழ்நிலப் புதைகளம் ஒன்று விரைவில் அமைக்கப்பட வேண்டும். ஐந்தாண்டுகளுக்குள் அது முடியும் என இந்திய அணுமின் கழகம் கூறியுள்ளது. அவ்வாறு செய்தால் எரிபொருள் கூடங்குளத்திலேயே கிடந்துவிடும் என்னும் மக்களின் அச்சம் நீங்கும் என்பது அதன் சாரம். மற்றொன்று, கழகம் தன் சமூகப் பொறுப்பினைப் பொதுத்துறை நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளின்படி, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியருடன் இணைந்து நிறைவேற்ற வேண்டும் என்பது. நிலையத்தைச் சுற்றி வாழ்வோர் முழுப்பயன் அடையுமாறு அப்பணிகள் மேற்பார்வையிடப்பட வேண்டும் என்றும் அக்கட்டளை சொல்கிறது.

ஒரே பட்டியலில் நிற்கும் இவ்விரு கட்டளைகளையும் நீதிமன்றம் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கவில்லை. எச்சத்தை என்ன செய்வது என்பது விஞ்ஞானிகளுக்குரிய வினாவாகவும், மக்களுக்கு என்ன கொடுப்பது என்பது ஆட்சியருக்குரிய வினாவாகவும் பிரிந்து நிற்கின்றன. இவை ஒரே பொறுப்பின் இரு பாதிகள் என்பதும், பிரிக்கப்பட்டதனாலேயே எளிய பாதி நிறைவேறி அரிய பாதி தள்ளிப்போகிறது என்பதும் நம் துணிபு. இன்றைய பொருளியல் மொழியிற் சொல்வதாயின், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கும் சுழற்சிப் பொருளாதாரத்துக்கும் உள்ள உறவு யாது என்பதே இங்கு எழும் வினா.

இரு சொற்களின் பிறப்பிடம்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்னும் கருத்து வணிகக் கல்லூரிகளில் பிறந்தது என்று கருதுவோர் நம்மிடையே பலர். அக்கருத்துக்கு முதன்முதலில் முறையான நூல்வடிவம் கொடுத்தவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹோவர்ட் போவன். வணிகரின் சமூகப் பொறுப்புகளைப் பற்றி அவர் 1953-இல் வெளியிட்ட அந்நூல், அமெரிக்கப் புரொட்டஸ்டன்டு சபைகளின் கூட்டமைப்பு கிறிஸ்தவ ஒழுக்கவியலையும் பொருளியல் வாழ்வையும் ஆராய்வதற்கென எழுதுவித்த நூல்வரிசையில் ஒன்றாகும். அதே வரிசையில், அதே ஆண்டில், கென்னத் போல்டிங் என்பாரின் நூலொன்றும் வெளிவந்தது. அதற்கு ரைன்ஹோல்ட் நீபுர் கருத்துரை எழுதினார். குவேக்கர் சபையைச் சேர்ந்த இந்தப் போல்டிங்கே பின்னர் 1966-இல், புவியை எல்லையற்ற புல்வெளியாக எண்ணிய காலம் போயிற்று, இனி அதனை ஒரு விண்கலமாகவே எண்ண வேண்டும் என்று எழுதியவர். விண்கலத்திலிருந்து எதனையும் வெளியே வீச இயலாது. எடுத்து, செய்து, எறிந்துவிடும் நேர்கோட்டுப் பொருளாதாரத்துக்கு மாற்றாக, எறிவதற்கு இடமே இல்லாத சுழற்சிப் பொருளாதாரம் பேசுவோர் இன்றும் தம் மூதாதையருள் ஒருவராக அவரைக் குறிப்பிடுவர்.

ஆக இரு கருத்துகளும் ஏறத்தாழ ஒரே தொட்டிலில் கிடந்தவை. அத்தொட்டிலை ஆட்டியது திருச்சபை. பெற்ற பிள்ளைகள் வளர்ந்து பிரிந்து போனபின் அவற்றின் நடத்தையை விசாரிக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதற்காகவே இவ்வரலாற்றை இங்கு நினைவூட்டுகிறோம்.

இந்தியாவில் முதற்பிள்ளை சட்டமாயிற்று. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1000 கோடி ரூபாயோ, நிகர இலாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய நிறுவனம், முந்திய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. கல்வி, மருத்துவம், குடிநீர், சுற்றுச்சூழல் எனப் பல துறைகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளன. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

ஆனால் இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளில், நம் நூலாசிரியர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஒரு வரையறை இருக்கிறது. நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் பணி எதுவும் சமூகப் பொறுப்பாகக் கணக்கிடப்படாது. இவ்வரையறை ஒருவகையில் நியாயமானதே. தன் ஆலைக் கழிவைச் சுத்திகரிக்கும் செலவை அறச்செலவாகக் காட்டி ஏய்ப்பதை அது தடுக்கிறது. எனினும் அதன் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் தொழிலால் ஊருக்கு நேரும் மிகப் பெரிய விளைவு எதுவோ, அது சமூகப் பொறுப்பு என்னும் தலைப்பின்கீழ் வரவே முடியாது. பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தது ஆண்டறிக்கையின் அழகிய பக்கங்களில் படத்துடன் இடம்பெறும். தொழில் விட்டுச்சென்ற எச்சமோ வேறொரு கோப்பில், வேறொரு துறையின் மேசையில் உறங்கும். பொறுப்பு என்னும் சொல்லுக்கு வினவப்படும்போது விடை சொல்லுதல் என்பதே பொருளாயின், இங்கே வினவப்படுவது ஒன்று, விடை சொல்லப்படுவது வேறொன்று.

திருநெல்வேலிச் சபைகளில் நம் தாய்மார் எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையோடு இந்த 2 விழுக்காட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிடியரிசி உலையில் அரிசி இடுமுன் எடுக்கப்படுவது. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் போதுமா என்று பார்த்த பின் மிஞ்சியதை எடுப்பதன்று. சட்டம் கேட்கும் 2 விழுக்காடோ, எல்லாச் செலவும் கழித்து, எல்லாக் கணக்கும் முடித்து, மிஞ்சிய இலாபத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கழிக்கப்படாத செலவு ஒன்று கணக்குக்கு வெளியே கிடக்குமாயின் இலாபமே பொய்யாகிவிடும் என்பதைக் கணக்கர்கள் அறிவர்.

கூடங்குளத்தின் எரிபொருள்

அணுமின் நிலையத்துக்கான உடன்பாட்டில் இராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பர் 20-ஆம் நாள் கையொப்பமிட்டனர். எரிந்து தீர்ந்த எரிபொருளைச் சோவியத்து நாடே திரும்ப எடுத்துச் செல்லும் என்பது அன்றைய ஏற்பாடு. கொண்டுவந்தவனே எச்சத்தையும் கொண்டுபோவது என்னும் அளவில் அது சுழற்சிப் பொருளாதாரத்தின் முதல் விதிக்கு இசைந்தது எனலாம். சோவியத்து ஒன்றியம் கலைந்தது. 1998-இல் செய்யப்பட்ட துணை உடன்பாட்டின்படி எரிபொருள் இந்தியாவிலேயே தங்கும் என்றாயிற்று. பத்தாண்டுகளுக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ்ந்ததை அந்த வட்டார மக்கள் கலந்தாலோசிக்கப்பட்டு அறிந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்திய அரசு இம்மாற்றத்தை இழப்பாகக் கருதவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எரிந்து தீர்ந்த எரிபொருள் கழிவன்று, வளம் என்பதே அணுசக்தித் துறையின் நெடுங்காலக் கொள்கை. அதில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்கு மேல் யுரேனியமும் 1 விழுக்காடு அளவில் புளூட்டோனியமும் இருக்கும். இவற்றை மறுசெயலாக்கத்தால் பிரித்தெடுத்து, வேக ஈனுலைகளில் மீண்டும் எரிக்கலாம். எஞ்சும் 3 அல்லது 4 விழுக்காட்டுப் பிளவு விளைபொருள்களைக் கண்ணாடியோடு உருக்கி உறையச் செய்து பாதுகாக்கலாம். இதற்கு மூடிய எரிபொருட்சுழற்சி என்று பெயர். ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் உயிர்நாடி இதுவே. சுழற்சிப் பொருளாதாரம் என்னும் சொல் நாட்டில் வழங்குவதற்கு நெடுநாள் முன்பே அதன் கருத்தை அணுசக்தித் துறை கைக்கொண்டிருந்தது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இத்துறையினரை அறிவிலிகளாகவோ கொடியவர்களாகவோ சித்திரிக்கும் பிரசங்கங்கள் உண்மைக்குப் பணிபுரிவதில்லை.

வட்டம் உண்மையில் மூடியிருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டியது. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களிலுள்ள மறுசெயலாக்க ஆலைகள் கனநீர் உலைகளின் எரிபொருளையும் ஆய்வுலைகளின் எரிபொருளையும் முதன்மையாகக் கொண்டு அமைக்கப்பட்டவை. கூடங்குளத்தில் உள்ளவையோ செறிவூட்டிய யுரேனியத்தை உருசியாவிலிருந்து பெற்று எரிக்கும் மென்னீர் உலைகள். கல்பாக்கத்தில் முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. அதில் உலைக்கருவை ஏற்றும் பணி தொடங்கவே 2024 மார்ச்சு மாதம் வரை ஆயிற்று. அமெரிக்க எரிபொருளைக் கொண்டு 1969 முதல் இயங்கிய தாராப்பூர் உலைகளின் கதையும் நம்முன் உள்ளது. மறுசெயலாக்கம் குறித்து இரு அரசுகளுக்குமிடையே இணக்கம் ஏற்படாமையால், வளம் எனப்பட்ட அப்பொருள் பல பத்தாண்டுகள் சேமிப்புக் குளங்களிலேயே கிடந்தது. வரைபடத்தில் வட்டம் முழுமையாக இருக்கிறது. தரையில் அது இன்னும் வில்லாகவே நிற்கிறது.

இந்நிலையில் ஆழ்நிலப் புதைகளம் என்னவாயிற்று? 2012 நவம்பரில் இவ்வழக்கின் விசாரணையினிடையே கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலார் மக்கள் கொதித்தெழுந்தனர். அத்தகைய திட்டம் ஏதுமில்லை என்று அரசு விரைந்து மறுத்தது. தீர்ப்பில் சொல்லப்பட்ட ஐந்தாண்டுகள் கழிந்தன. பின்னர் நாடாளுமன்றத்தில் அணுசக்தித் துறையின் சார்பில் தரப்பட்ட விடைகள், மூடிய சுழற்சியைப் பின்பற்றுவதால் எஞ்சும் கழிவு மிகச் சிறிதே, ஆகவே அண்மை எதிர்காலத்தில் புதைகளம் தேவைப்படாது என்று கூறின. உலைக்கு அப்பாலுள்ள சேமிப்புக் கூடம் ஒன்றை இடைக்கால ஏற்பாடாகக் கட்டுவதற்கும் காலம் போதவில்லை என்று கழகம் வேண்ட, 2018-இல் நீதிமன்றம் 2022 வரை நீட்டிப்பு வழங்கியது. உலைக்கு அப்பால் என்பது பெயரளவில்தான். திட்டமிடப்பட்ட இடம் அதே கூடங்குளம் வளாகம். 2019 ஜூலை 10-ஆம் நாள் இராதாபுரத்தில் நடத்துவதாக அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கிடையே மூன்றாம் நான்காம் உலைகளின் கட்டுமானம் 2017-இலும், ஐந்தாம் ஆறாம் உலைகளின் கட்டுமானம் 2021-இலும் தொடங்கிவிட்டன.

சுழற்சிப் பொருளாதாரம் என்னும் உயர்ந்த கருத்து இங்கே ஆற்றும் பணி விந்தையானது. இனி வரப்போகும் சுழற்சியின் பெயரால் இப்போதுள்ள கடமை ஒத்திவைக்கப்படுகிறது. கழிவு என்று பெயரிட்டால் அதை அகற்ற வேண்டும், இடம் காட்ட வேண்டும், காலம் குறிக்க வேண்டும். வளம் என்று பெயரிட்டாலோ அதைச் சேமித்தாலே போதும். பெயர் மாறியவுடன் கடமையும் மாறிவிடுகிறது. குளத்தில் கிடக்கும் எரிபொருட்கட்டு மட்டும் மாறுவதில்லை.

பின்லாந்து இதற்கு எதிர்ச்சான்று. அங்கு அணுமின் நிறுவனங்களே செலவை ஏற்று, ஓல்கிலுவோத்தோ என்னுமிடத்தில் 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் பழம்பாறையைக் குடைந்து புதைகளம் அமைத்துள்ளன. 2024-இல் அதன் வெள்ளோட்டம் தொடங்கியது. அந்நாடு மறுசெயலாக்கத்தை நாடவில்லை. வளம் என்னும் சொல்லில் தங்காமையால் எச்சத்துக்கு இடம் தேட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு முன்னதாகவே வந்தது போலும்.

காலத்தின் அளவையும் எண்ணிப் பார்த்தல் நன்று. பிளவு விளைபொருள்களுள் முதன்மையான சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 ஆகியவற்றின் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டுகள். பத்து அரைவாழ்வுகள், அதாவது 300 ஆண்டுகள், அவற்றைக் காக்க வேண்டும் என்பர். சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால்வைத்தது 1706-இல். நம் நாட்டுப் புரொட்டஸ்டன்டுத் திருச்சபையின் முழு வரலாறும் அந்த 300 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. இதற்கிடையே எத்தனை அரசுகள், எத்தனை கம்பெனிகள், எத்தனை மிஷன்கள் தோன்றி மறைந்தன! புளூட்டோனியம் 239-இன் அரைவாழ்வோ 24,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தைக் கொண்டு அளக்கப்படும் பொறுப்பு இக்கால அளவின்முன் நிற்குமா?

கொடைகள்

கொடுக்கப்பட்டவற்றை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. மாநில அமைச்சரவை 2012 மார்ச்சு 19-ஆம் நாள் உலைப்பணிக்கு இசைவளித்தபோது வட்டார வளர்ச்சிக்கென 500 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவிக்கப்பட்டது. (சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அது.) மீனவர்க்குக் குளிர்பதனக் கிடங்கு, படகு பழுதுபார்க்கும் இடம், வீடுகள், சாலைகள் என அது விரிந்தது. கழகமும் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பள்ளிக் கட்டடங்களும் மருத்துவ உதவிகளும் அளித்து வந்துள்ளது. நல்ல சாலையின் அருமை, பேறுகால வேதனையோடு மணற்பாதையில் கொண்டுசெல்லப்பட்டவளுக்குத் தெரியும். நாற்காலியில் அமர்ந்து அதனைக் கையூட்டு என்று தள்ளுவது எளிது.

எனினும் இவையனைத்தும் எந்த வினாவுக்கு விடையாகத் தரப்பட்டன என்பதைக் கேட்டாக வேண்டும். உலையின் வெந்நீர் கலக்கும் கடலில் மீன் என்னவாகும், எரிந்த எரிபொருள் எங்கே போகும், விபத்து நேர்ந்தால் எந்தச் சாலையால் எங்கே ஓடுவது என்றே மக்கள் கேட்டனர். படகு பழுதுபார்க்கும் நிலையம் இவற்றுள் எதற்கும் விடையாகாது. சாலை அரசின் கடமை. அணுவுலை வந்தாலும் வராவிட்டாலும் அது மக்களுக்கு உரியது. உரிமையாக வரவேண்டியது கொடையாக வந்தபின், கொடையைப் பெற்றவன் மீண்டும் வினா எழுப்பினால் நன்றி கெட்டவன் எனப்படுகிறான்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியை அடுத்த தூத்துக்குடியில் இதே உறவு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் கசடு கட்டுமானத்துக்கும் நிலம் நிரப்பவும் உகந்த பொருள் என்று சொல்லப்பட்டு விற்கப்பட்டது. சுழற்சிப் பொருளாதாரத்தின் பாடநூல் எடுத்துக்காட்டாக அது விளங்கியிருக்கலாம். ஆனால் உப்பாற்றின் கரையில் குவிந்த கசட்டை அகற்றாமையும் சேர்ந்தே, 2018 ஏப்ரல் 9-ஆம் நாள் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்ததற்குக் காரணமாயிற்று. அடுத்த மாதம் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதை நாடறியும். ஆலையை மூடியது செல்லும் என்பதை 2024 பிப்ரவரி 29-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. இதே நிறுவனம் ஊர் மக்களுக்கெனச் சமூகப் பணிகளும் நடத்தி வந்தது. கசட்டுக்குப் பொருள் என்ற பெயர், ஊருக்குக் கொடை. இரண்டும் கைகோத்து நின்றன, ஆற்றின் கரையோ நிரம்பியது.

இவ்வளவும் கேட்டபின், சுழற்சி உண்மையிலேயே முழுமையாகிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா என்று ஒருவர் வினவலாம். அதற்கு விடை கூடங்குளத்துக்கு வடகிழக்கே தேரிமணலில் இருக்கிறது. கால்டுவெல் 1841-இல் வந்து தங்கிய இடையன்குடியைச் சூழ்ந்த பனங்காடுகளில் வாழ்ந்தோரின் பொருளாதாரத்தில் எறிவதற்கென எதுவும் இருந்ததில்லை. பதநீர் கருப்பட்டியாயிற்று, ஓலை கூரையும் பெட்டியும் பாயுமாயிற்று, நார் கட்டிலுக்கு, தும்பு கயிற்றுக்கு, மட்டை வேலிக்கு, கொட்டை கிழங்குக்கு, காய்ந்தது விடிலியில் கருப்பட்டி காய்ச்ச விறகாயிற்று, வயிரம் பாய்ந்த மரம் உத்தரமாயிற்று. உலகம் இன்று தேடும் சுழற்சி அங்கு முழுமையாய் இருந்தது. ஆனால் பனையேறி முன்பணம் தந்த வணிகனுக்குக் கடனாளியாகவே இருந்தான், சாதியால் இழிவுற்றான், மரத்திலிருந்து விழுந்து இறந்தான். அவனுடைய மனைவி புகையில் கண்ணிழந்தாள். பொருள் சுழன்று வந்தது; நீதி சுழன்று வரவில்லை. கழிவில்லாமை தன்னளவிலேயே அறமாகிவிடும் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். காற்றாலைகளுக்கும் இது பொருந்தும். ஆரல்வாய்மொழி முதல் இராதாபுரம் வரை நிற்கும் காற்றாலைகளின் கண்ணாடி இழைச் சிறகுகள் முதுமையடையும்போது அவற்றை யார் கொண்டுபோவார் என்ற வினாவும் நம் வாசலில் வந்து நிற்கத்தான் போகிறது.

திருமறையின் கணக்கு

படைப்பின் பாதுகாப்பைப் பற்றிய நம் பிரசங்கங்களில் யோவான் 6:12 இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. அப்பமும் மீனும் உண்டபின் எஞ்சிய துணிக்கைகளைச் சேர்க்கும்படி இயேசு சொன்னதில் மறுசுழற்சியின் நற்செய்தியைக் காண்கின்றனர். அது தவறன்று. ஆனால் அப்பகுதியின் ஒழுங்கைக் கவனிப்பது நல்லது. முதலில் ஐயாயிரம் பேர் திருப்தியடைந்தனர். பின்பே துணிக்கைகள் சேர்க்கப்பட்டன. சேர்த்தவர்களோ பரிமாறிய அதே சீடர்கள். எச்சத்தைப் பொறுக்கும் வேலை பந்திக்கு வெளியே நின்ற ஏழைகளிடம் விடப்படவில்லை. இந்நுட்பம் தவறிப்போனால் அப்பகுதி வெறும் சிக்கனப் பாடமாகிவிடும்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது, பிரசங்க பீடத்தில் அரிதாகவே கேட்கப்படும் யாத்திராகமம் 21:33, 34. ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட, பிறனுடைய மாடோ கழுதையோ அதில் விழுந்து சாகுமாயின், குழிக்குடையவன் உடையவனுக்கு விலை செலுத்த வேண்டும். செத்ததோ அவனுக்கே உரியதாகும். இச்சட்டத்தில் இரண்டு கட்டளைகள் பிணைந்து நிற்கின்றன. விலை செலுத்துவது ஒன்று, பிணத்தை ஏற்றுக்கொள்வது மற்றொன்று. விலையைக் கொடுத்துவிட்டுப் பிணத்தைப் பிறன் வயலில் விட்டுவிட அவனுக்கு உரிமையில்லை. தோலும் கொம்பும் பயன்படும், ஆகவே அது பிணமன்று வளம் என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். சொன்னாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் அவனே. கூடங்குளம் தீர்ப்பில் தனித்தனியே நிற்கும் இரு கட்டளைகளை மோசேயின் சட்டம் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுகிறது. தொன்மையான இவ்வேளாண் சட்டத்தின் தெளிவு, நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரியும் தீர்ப்பில் இல்லை என்று சொல்வது நீதிபதிகளுக்கு அவமதிப்பாகாது. அவர்கள் கையிலிருந்த சட்டம் அவ்வாறு பிரிந்து கிடந்தது.

நம் நீதிமன்றங்கள் இதனை அறியாதவையுமல்ல. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகளைக் குறித்து 1996-இல் வந்த வேலூர் வழக்குத் தீர்ப்பு, மாசுபடுத்தியவனே சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக நிலைநாட்டியது. மின்னணுக் கழிவுக்கும் நெகிழிக்கும் உற்பத்தியாளரே பொறுப்பாளி என்னும் விதிகள் 2011 முதல் படிப்படியாக வந்துள்ளன. பழைய கைப்பேசியைத் திரும்பப் பெற வேண்டும் என்று விதிக்கும் நாடு, எரிந்த அணு எரிபொருளுக்கு நாள் குறிக்கத் தயங்குகிறது.

சகேயுவின் வரலாறும் (லூக்கா 19) இங்கு விளக்கம் தரும். அவன் தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகவும் சொன்னான். முன்னது ஈகை, பின்னது ஈடு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாக அவன் கணக்கில் வரவில்லை. கொர்பான் என்று சொல்லித் தாய் தந்தைக்குச் செய்யவேண்டியதைத் தவிர்த்தவர்களை ஆண்டவர் கடிந்ததும் (மாற்கு 7) இதே காரணத்தால்தான்: தெய்வத்துக்குக் கொடுத்தது என்றாலும், அது மனிதருக்குரிய கடனை அழித்துவிடாது. நிறுவனங்களின் 2 விழுக்காட்டைக் கொர்பான் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட நாம் துணியோம். அவ்வாறு பயன்படுத்தப்படும் இடங்களில் அவ்வாறு சொல்லத் தயங்கவும் வேண்டியதில்லை.

இத்தகைய கணக்கை நம் சபையிலிருந்தே ஒருவர் கற்பித்திருக்கிறார். தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவரும் தணிக்கைத் தொழில் பயின்றவருமான ஜே. சி. குமரப்பா, 1945-இல் வெளிவந்த நிலைபேற்றுப் பொருளியல் பற்றிய தம் நூலில், இயற்கையின் பொருள்களை இருப்பு என்றும் ஓட்டம் என்றும் பிரித்தார். நிலக்கரி, கனிமம் போன்ற இருப்புகள் எடுக்க எடுக்கக் குறைவன. காடு, ஆறு போன்ற ஓட்டங்கள் முறையாய்ப் பேணினால் மீண்டும் வருவன. இருப்பின்மேல் கட்டப்படும் வாழ்வு பூசலுக்கு இட்டுச்செல்லும் என்று அவர் கண்டார். குறையும் இருப்பைப் பற்றிப் பேசிய அவர், குறையாமல் பெருகிக்கொண்டே போகும் எச்சம் என்ற ஒன்றைத் தம் நாளில் முழுமையாகக் கண்டிருக்க இயலாது. எனினும் தணிக்கையாளரின் கண் அவருக்கு இருந்தது. ஐந்தொகையில் எழுதப்படாத கடனைத் தேடும் கண் அது. நம் குருமட மாணவர் மேனாட்டு இறையியலாரைத் தேடுமுன் அவரைப் பயில்வது பயனுடைத்து.

சபைகள் செய்யக்கூடியது பெரிதன்று, ஆனால் தெளிவானது. கடற்கரை ஊர்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். உள்நாட்டுப் பனங்காட்டு ஊர்களிலும் சிற்றூர்ப் பள்ளிகளிலும் நம்மவர் பலர். சமூகப் பொறுப்பு நிதியை நாடி விண்ணப்பம் எழுதும் வேலை இன்று பல பள்ளித் தாளாளர்களின் வேலையாகிவிட்டது. அதனை வாங்கவே கூடாது என்று ஆயர்கள் விதித்தால் வறிய பிள்ளைகளே இழப்பர். வாங்கும் இடத்தில் வினா எழுப்பலாமே. கூடங்குளத்தின் சேமிப்புக் குளங்களில் இந்த ஆண்டு எத்தனை எரிபொருட்கட்டுகள் உள்ளன, அவை எந்த ஆண்டில் எங்கே கொண்டுசெல்லப்படும், தீர்ப்பில் சொல்லப்பட்ட புதைகளம் எந்த நிலையில் உள்ளது என்பவற்றை ஆண்டுதோறும் தமிழில், பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்று பேராய மன்றம் ஒரு தீர்மானமாகக் கேட்கலாம். இரகசியம் என்று விடை வந்தால், அதுவும் விடைதான், அதையும் ஒட்டலாம்.

இக்கேள்வி இனி பொதுத்துறைக் கழகம் ஒன்றோடு முடிவதாகத் தோன்றவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணுசக்திச் சட்டம் தனியார் நிறுவனங்களும் அணுமின் நிலையங்களை அமைத்து நடத்த வழிசெய்துள்ளது. கம்பெனிகள் கைமாறும், பெயர் மாற்றும், கடனில் மூழ்கிக் கலைந்தும் போகும். 300 ஆண்டுக் காவலை எந்தக் கம்பெனியின் பேரில் எழுதுவது என்பதற்குச் சமூகப் பொறுப்பு விதிகளில் இடமில்லை. அவர்களுடைய அலுவலர்கள் கட்டட வரைபடத்தோடு நம் தாளாளர்களைத் தேடி வரும் நாளும் தொலைவில் இல்லை.